பிள்ளை ஒரு மதக்குழுவுக்குள் போகும்போது: பெற்றவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

1989ஆம் ஆண்டு மே மாதம். ஜப்பானின் யோகோஹாமா நகரத்தில் ஒரு தாய், சகாமோத்தோ சுட்சுமி என்ற இளம் வழக்கறிஞரைத் தேடிப் போனார். தன் பிள்ளை ‘ஓம் ஷின்ரிக்கியோ’ என்ற குழுவில் சேர்ந்து வீட்டை விட்டே போய்விட்டதாகவும், பேசவோ பார்க்கவோ முடியவில்லை என்றும் சொன்னார். சகாமோத்தோ விசாரிக்கத் தொடங்கியதும் இதே கவலையோடு இன்னும் பல பெற்றோர் வந்தார்கள். அக்டோபரில் அவர்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தார்கள்.

நவம்பர் 4 அதிகாலையில் அந்தக் குழுவின் ஆட்கள் சகாமோத்தோவின் வீட்டுக்குள் புகுந்து அவரையும் அவர் மனைவியையும் ஒரு வயதுக் குழந்தையையும் கொன்றார்கள். அப்போது இது வெளியே தெரியாது. குடும்பம் காணாமல் போனதாகவே கருதப்பட்டது. குழுவின் பேட்ஜ் ஒன்று வீட்டுக்குள் கிடந்தும் வழக்கு நகரவில்லை. 1995 மார்ச் 20 அன்று அதே குழு தோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நச்சு வாயுவைப் பரப்பி, 13 பேர் இறந்து, ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்ட பிறகுதான் உலகம் அந்தப் பெயரைக் கேட்டது. சகாமோத்தோ குடும்பத்தின் உடல்கள் கிடைத்தது அந்த வருடம் செப்டம்பரில்.

ஏதோ சரியில்லை என்று பெற்றோருக்கு ஆறு வருடம் முன்பே தெரிந்திருந்தது. சாரினைப் பற்றியோ கொலைகளைப் பற்றியோ அவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் தங்கள் பிள்ளைகள் மாறிய விதத்தைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். ‘பிள்ளை பக்தியாக மாறியதைத் தாங்க முடியாத பெற்றோர்’ என்றுதான் வெளியுலகம் அவர்களை நினைத்தது. மகனோ மகளோ ஒரு மதக்குழுவில் சேர்ந்து நடத்தையே மாறி, வீட்டில் இருப்பவர்கள் தூக்கம் இல்லாமல் தவிக்கும்போது, அந்தப் பெற்றோர் எதைப் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்வது உதவும். எல்லாக் குழுவும் கொலை வரை போவதில்லை. மிகப் பெரும்பாலானவை போவதே இல்லை. ஆனால் ஒரு மனிதரைக் கட்டுக்குள் கொண்டுவரும் முறை பெரிய குழுவிலும் சிறிய குழுவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது.

நம்பிக்கை வேறு, கட்டுப்பாடு வேறு

முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மகன் திடீரென்று அசைவத்தை விட்டுவிட்டான், மகள் தினமும் நான்கு மணிக்கு எழுந்து தியானம் செய்கிறாள், வேறு மதத்துக்கே மாறிவிட்டாள் என்றால் பெற்றவர்களுக்கு வருத்தமாக இருக்கலாம். ஆனால் அது பிள்ளைகளின் உரிமை. துறவு கூட அப்படித்தான். உண்மையாகவே துறவை விரும்பிப் போய், நிம்மதியாக வாழ்கிறவர்கள் உண்டு.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். அங்கே கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது? பிடிக்கவில்லை என்றால் எழுந்து வர முடிகிறதா? பணம், தூக்கம், சாப்பாடு, யாரோடு பேசுவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? கொள்கை எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் கிடைத்தால் பயம் குறைவு. கொள்கை நாம் தினமும் சொல்லும் மந்திரமாகவே இருந்தாலும், இவற்றுக்குப் பதில் மழுப்பலாக வந்தால் யோசிக்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஓம் ஷின்ரிக்கியோ என்ற பெயரில் இருக்கும் ‘ஓம்’ நம்முடைய ஓம்தான். 1984ல் தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரு சின்ன யோகா வகுப்பாகத் தொடங்கியது அது. நடத்தியவர் அசஹாரா ஷோக்கோ, பிறக்கும்போது வைத்த பெயர் மட்சுமோத்தோ சிசுவோ. இமயமலைக்குப் போய் ஞானம் அடைந்ததாகச் சொல்லிக்கொண்டார். சகாமோத்தோவின் வீட்டில் கிடந்த பேட்ஜுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘புருஷா’. வீட்டை விட்டு வந்து சேர்ந்தவர்களை ‘சமணா’ என்று அழைத்தார்கள். நம் ‘சமணர்’ என்ற சொல்லின் வேர்தான் அதற்கும். தோக்கியோ ரயிலில் சாரின் பையைக் குத்திக் கிழித்தவர்களில் ஒருவர் இதய அறுவை மருத்துவர். குழுவுக்குள் அவருக்கு இருந்த பெயர் கிருஷ்ணானந்தா. பழக்கமான சொற்களைக் கேட்டதும் நமக்கு மனசு இளகிவிடும். எந்த மதத்துக் குடும்பத்துக்கும் அந்தந்த மதத்தின் சொற்கள் அப்படித்தான். சொற்களை வைத்து ஒரு குழுவை எடை போட முடியாது.

படிப்படியாக எப்படி நடக்கிறது

‘என் பிள்ளை படித்தவன், இப்படி ஏமாற மாட்டான்’ என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஓம் குழுவில் மருத்துவர்களும் வேதியியல் ஆராய்ச்சியாளர்களும் பொறியாளர்களும் இருந்தார்கள். சாரினைத் தயாரித்தவர்கள் அவர்கள்தான். யாரும் ஒரு கொடூரமான குழுவில் சேர்வதாக நினைத்துச் சேர்வதில்லை. முதுகுவலிக்கு யோகா, பரீட்சை பயத்துக்குத் தியானம், புது ஊரில் நாலு நல்ல நண்பர்கள் என்று ஏதோ ஒரு நியாயமான தேவைக்குத்தான் சேர்கிறார்கள். அது நிறைவேறவும் செய்கிறது. அதனால்தான் அடுத்த படியில் காலை வைக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1974ல் ஸ்டீவன் ஹாஸன் என்ற 19 வயது மாணவரிடம் கல்லூரியில் மூன்று பெண்கள் வந்து பேசினார்கள். மாணவிகள் என்று அறிமுகம் செய்துகொண்டார்கள். சாப்பிட அழைத்தார்கள். மதம் என்ற பேச்சே இல்லை. அவர்கள் கொரியாவைச் சேர்ந்த சன் மியுங் மூனின் யூனிஃபிகேஷன் சர்ச்சைச் சேர்ந்தவர்கள் என்று ஹாஸனுக்குப் பிறகுதான் தெரிந்தது. சில வாரங்களில் அவர் முழுநேர உறுப்பினர் ஆகிவிட்டார். புதிதாக வருகிறவர் மேல் அன்பைக் கொட்டுவது இந்தப் படியில்தான். ‘உன்னை மாதிரி ஒருத்தரைப் பார்த்ததே இல்லை’ என்று பத்துப் பேர் சொன்னால், தனியாக இருக்கும் ஒரு பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்து நேரம் போகிறது. வாரம் ஒரு வகுப்பு, இரண்டு வகுப்பு, வார இறுதி முகாம், பத்து நாள் முகாம். அப்புறம் பணம். ஓம் குழுவில் ‘ரத்த தீட்சை’ என்று ஒன்று இருந்தது. குருவின் ரத்தத்தைக் குடித்தால் ஞானம் வரும் என்று சொல்லி லட்சக்கணக்கான யென் வாங்கினார்கள். குருவின் ரத்தத்தை கியோத்தோ பல்கலைக்கழகத்தில் சோதித்து அபூர்வ சக்தியை உறுதிசெய்ததாகவும் விளம்பரம் செய்தார்கள். சகாமோத்தோ அந்தப் பல்கலைக்கழகத்தையே கேட்டார். அப்படி ஒரு சோதனை நடக்கவே இல்லை என்று பதில் வந்தது. பெற்றவர்கள் இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். கடவுள் உண்டா, குரு உண்மையானவரா என்ற வாதத்தில் யாரும் ஜெயிப்பதில்லை. ஆனால் ‘இந்த நிறுவனம் சோதித்தது’, ‘இந்தப் பணம் இந்தப் பள்ளிக்குப் போகிறது’ என்ற பேச்சைச் சரிபார்க்க முடியும்.

கடைசிப் படி, வீட்டை விட்டுப் போவது. ஜப்பானிய மொழியில் ‘ஷுக்கே’, அதாவது வீடு நீங்குதல். பௌத்தத்தில் அது மிகப் பழைய, மரியாதையான சொல். ஓம் குழுவில் அதற்கு வேறு பொருள் இருந்தது. சொத்து முழுவதையும் குழுவுக்கு எழுதிக் கொடுத்து, குடும்பத்தோடு தொடர்பை அறுத்துவிட்டு, ஃபூஜி மலை அடிவாரத்தில் இருந்த கட்டடங்களுக்குள் போய்விட வேண்டும். அங்கே தூக்கம் மிகக் குறைவு, சாப்பாடு குறைவு, குருவின் குரல் பதிவு மணிக்கணக்கில் ஓடும். பின்னாட்களில் போதை மருந்தும் கொடுத்தார்கள். மூன்று நாள் தூங்காத எவருக்கும் எது கனவு, எது நிஜம் என்று குழம்பும். அந்தக் குழப்பத்தில் தோன்றும் காட்சிகளை ‘ஞான அனுபவம்’ என்று சொல்லிக் கொடுத்தால் நம்பத்தான் தோன்றும். இது மந்திரமோ மாயமோ இல்லை. யார் உடம்பும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

நாம் சாதாரணமாக ‘மூளைச்சலவை’ என்கிறோம். 1950களில் சீனாவிலும் கொரியப் போரிலும் சிறைப்பட்டவர்களைப் பற்றிய பேச்சில் பரவிய சொல் அது. அந்தக் கைதிகளோடு நேரில் பேசி ஆராய்ந்தவர் ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். பல வருடம் கழித்து ஓம் குழுவையும் அவர் ஆராய்ந்தார். மனதைக் கட்டும் சூழலின் அடையாளங்கள் என்று 1961ல் அவர் எட்டு சொன்னார். எட்டையும் இங்கே விளக்கப் போவதில்லை. வீட்டில் இருந்தபடியே பெற்றவர்கள் பார்க்கக்கூடியதாக எனக்குத் தோன்றுவது ஒன்று: பேச்சு.

கட்டுப்படுத்தும் குழு தனக்கென்று ஒரு மொழியை உருவாக்குகிறது. சிக்கலான எந்தக் கேள்வியையும் ஒரே சொல்லில் மூடிவிடும் மொழி. ஓம் குழுவில் ‘போவா’ என்ற சொல் இருந்தது. இறக்கும் உயிரை மேலான நிலைக்கு அனுப்புவது என்ற பொருளில் திபெத்திய பௌத்தத்திலிருந்து எடுத்தது. அசஹாராவின் வாயில் அது மெதுவாகக் கொலைக்குப் பெயராக மாறியது. ‘கொல்’ என்று சொன்னால் கை நடுங்கும். ‘போவா’ என்று சொன்னால் நடுங்காது. இவ்வளவு பயங்கரமாக இல்லாவிட்டாலும் இதன் சின்ன வடிவத்தை எந்த வீட்டிலும் கேட்கலாம். ‘பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போ’ என்றால் ‘அது பற்று’ என்று பதில் வரும். ‘எவ்வளவு பணம் கொடுத்தாய்?’ என்றால் ‘அகங்காரம் கேட்கிற கேள்வி’ என்று பதில் வரும். பிள்ளை தன் சொந்த வார்த்தையில் பேசுவது குறைந்து, எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் வார்த்த பதில் வருகிறதா என்று கவனியுங்கள். கேலி, கோபம், சிணுங்கல் எல்லாம் போய், ஒரு பாடம் ஒப்பிக்கும் குரல் மட்டும் மிஞ்சினால் அது சாதாரண பக்தி இல்லை.

பெற்றவர்களை எதிரியாக்குவது

குழுவுக்குள் போன பிள்ளைக்கு, வெளியே இருப்பவர்களில் யார் மேல் பாசம் அதிகமோ அவர்கள்தான் பெரிய ஆபத்து என்று சொல்லித் தரப்படும். ‘உன் அம்மா அழுவாள், உன் அப்பா சத்தம் போடுவார், போலீசுக்குக் கூடப் போவார்கள், அதெல்லாம் உன் பாதையில் வரும் சோதனை’ என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அப்புறம் அம்மா உண்மையிலேயே அழுகிறாள், அப்பா உண்மையிலேயே சத்தம் போடுகிறார். குரு சொன்னது அப்படியே பலித்துவிட்டது! எந்தப் பெற்றோருக்கும் இயல்பாக வரும் அழுகையும் கோபமும் இங்கே பிள்ளையை இன்னும் உள்ளே தள்ளிவிடுகின்றன. இது அநியாயம்தான். ஆனால் இதைப் புரிந்துகொண்டவர்களுக்கே அடுத்த அடியை யோசித்து வைக்க முடிகிறது.

வெளியே போகிறவரின் குடும்பத்தையும் ஓம் குழு விடவில்லை. 1995 பிப்ரவரி 28 அன்று, குழுவிலிருந்து தப்பி வந்த ஒரு பெண் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காக, அவருடைய 68 வயது அண்ணனைத் தோக்கியோ வீதியில் பட்டப்பகலில் வண்டியில் தூக்கிப் போட்டுக் கடத்தினார்கள். மருந்து செலுத்தப்பட்டு அவர் இறந்தார். பெற்றோர் சங்கத்தின் தலைவர் நாகவோகா ஹிரோயுக்கி மேல் அந்த ஜனவரியிலேயே விஎக்ஸ் என்ற நச்சை வீசியிருந்தார்கள். மயிரிழையில் உயிர் பிழைத்தார். அவருடைய மகனும் ஒரு காலத்தில் அந்தக் குழுவில் இருந்தவர்.

செய்யக் கூடாத ஒன்று

தவிப்பில் சில பெற்றோர் பிள்ளையைக் கடத்தியாவது கொண்டு வந்து, அறையில் பூட்டி, மனதை மாற்றிவிடலாம் என்று நினைக்கிறார்கள். 1970களில் அமெரிக்காவில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். டெட் பாட்ரிக் என்பவர் அதில் பெயர் பெற்றவர். பணம் வாங்கிக்கொண்டு இளைஞர்களைத் தூக்கி வந்து, நாள் கணக்கில் அடைத்து வைத்துப் பேசுவார்கள். பிற்பாடு அதற்காகச் சிறைக்கும் போனார். ஜப்பானில் யூனிஃபிகேஷன் சர்ச்சைச் சேர்ந்த ஒருவரை அவருடைய சொந்தக் குடும்பமே 12 ஆண்டுகளுக்கு மேல் அடைத்து வைத்திருந்தது. அவர் வெளியே வந்து வழக்குப் போட்டார். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. அந்தக் குடும்பத்தின் அச்சத்தை என்னால் உணர முடிகிறது. ஆனால் வயது வந்த ஒருவரைப் பூட்டி வைப்பது குழு செய்ததையே வீடும் செய்வது. சட்டப்படியும் குற்றம். குழு சொல்லி வைத்த ‘உன் குடும்பம் உன்னைச் சிறைபிடிக்கும்’ என்ற கதையும் அதோடு உண்மையாகிவிடும்.

சட்டம் எங்கே உதவும் என்றால், பிள்ளைக்கு 18 வயது ஆகாதபோது, உடம்புக்குக் கேடு நடக்கும்போது, ஏமாற்றிப் பணமோ சொத்தோ வாங்கியிருக்கும்போது, விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைத்திருப்பதாகத் தெரியும்போது. நம் நாட்டில் இந்தக் கடைசி நிலைமைக்கு ஆட்கொணர்வு மனு இருக்கிறது. ஆனால் வயது வந்தவர் நீதிபதி முன்னால் நின்று ‘நானாகத்தான் இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் நீதிமன்றம் அதற்கு மேல் பொதுவாகப் போகாது. அந்த ஒரு வாக்கியத்தோடு வீட்டுக்குத் திரும்பும் பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய அடி! அதனால் அந்த வழியில் இறங்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது?

பேச்சு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் எல்லாவற்றுக்கும் மேல். குருவைப் பற்றி வாதம் வேண்டாம். திட்ட வேண்டாம். ‘இனி இந்த வீட்டு வாசலை மிதிக்காதே’ என்ற வார்த்தை மட்டும் எந்தக் கோபத்திலும் வாயில் வரக் கூடாது. வந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க வழியும் நீங்கள்தான் தேட வேண்டும். போனில் பேச விட்டால் சாதாரணமாகப் பேசுங்கள். மாமரம் காய்த்திருக்கிறது, தம்பிக்கு வேலை கிடைத்தது, பழைய டீச்சரைச் சந்தையில் பார்த்தேன். இதெல்லாம் வெறும் பேச்சு இல்லை. குழுவுக்குப் புறம்பான ஒரு உலகம் இன்னும் இருக்கிறது, அதில் தனக்கு ஓர் இடமும் இருக்கிறது என்று பிள்ளைக்கு நினைவூட்டும் பேச்சு.

கேள்வி கேட்கலாம், ஆனால் பொறி வைக்காத கேள்வியாக இருக்கட்டும். ‘அங்கே உனக்கு எது ரொம்பப் பிடிச்சிருக்கு?’ என்று கேட்டுவிட்டு, பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள். என்ன தேடிப் போனான் என்று அதில் தெரியும். பணம் கேட்டால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். மருந்து, துணி, பஸ் டிக்கெட் என்று தேவையானதை நேராக வாங்கிக் கொடுங்கள். திரும்பி வரக் கையில் காசு வேண்டும் என்று பிள்ளை சொன்னால் மட்டும் ஒரு நொடி தாமதிக்க வேண்டாம். நடப்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்தவர்களைத் தேடிப் பேசுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களைவிட நன்றாகச் சொல்ல யாராலும் முடியாது. அக்கா, தம்பி, அத்தை, பள்ளித் தோழன் என்று பிள்ளை மனம் விட்டுப் பேசக்கூடிய ஒருவரையாவது இந்தச் சண்டையில் இழுக்காமல் விட்டு வையுங்கள்.

இந்தக் கடைசி விஷயத்துக்கு ஹாஸனின் கதையே சாட்சி. 1976ல் அவர் தூக்கமில்லாமல் வேன் ஓட்டிக்கொண்டு போய்ப் பெரிய லாரி ஒன்றில் மோதினார். கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் பல மாதங்களுக்குப் பிறகு தூக்கம் கிடைத்தது, குழுவின் பேச்சு காதில் விழாத நேரம் கிடைத்தது. அப்போது அவர் போன் செய்தது தன் சகோதரிக்கு. அங்கிருந்துதான் வெளியே வரும் வழி திறந்தது. அவரை வெளியே கொண்டுவரக் குடும்பம் அன்று எடுத்தது கட்டாய வழிதான். அந்த அனுபவம் இருந்தும், பின்னாளில் இதே துறையில் ஆலோசகராக ஆன ஹாஸன் கட்டாயப்படுத்தும் முறையைக் கைவிட்டார்.

இன்னொரு தகவலும் பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐலீன் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், 1979ல் லண்டன் பகுதியில் யூனிஃபிகேஷன் சர்ச் நடத்திய முகாம்களுக்குப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார். ஏறக்குறைய 90 சதவீதம் பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு வருடங்களுக்குள் தாங்களாகவே வெளியே வந்துவிட்டார்கள். மனதைக் கட்டும் முறை பலமானதுதான். ஆனால் யாரையும் நிரந்தரமாகப் பூட்டிவிடும் அளவுக்கு அல்ல. சலிப்பு வரும், சந்தேகம் வரும், பக்கத்தில் இருந்த நண்பருக்கு நடந்த அநியாயம் கண்ணில் படும். ‘இப்போ எங்கே போறது?’ என்று அவர்கள் நினைக்கும் அந்த நாளில், அம்மாவின் பழைய போன் நம்பர் அதே நம்பராக இருக்க வேண்டும்.

அப்படித் திரும்பி வரும் பிள்ளையிடம் ‘அப்போவே சொன்னேன்ல’ என்று சொல்லாதீர்கள். பணமும் வருடங்களும் போன வெட்கம், உள்ளே விட்டு வந்த நண்பர்கள் மேல் பாசம், ‘ஒருவேளை குரு சொன்னது உண்மையாக இருந்தால்?’ என்ற பயம் எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் படுத்தும். தூங்க விடுங்கள், நன்றாகச் சாப்பிட வையுங்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

சாரின் தாக்குதலுக்குப் பிறகு யோகோஹாமா பெற்றோர் சங்கத்துக்கு ஒரு சங்கடம் வந்தது. ‘ஓம் ஷின்ரிக்கியோவால் பாதிக்கப்பட்டோர் சங்கம்’ என்பது அவர்களுடைய பழைய பெயர். இப்போது நச்சு வாயுவால் உயிரையும் பார்வையையும் இழந்தவர்கள் இருந்தார்கள். அதைச் செய்தவர்கள் இந்தப் பெற்றோரைப் போன்றவர்களின் பிள்ளைகள். சங்கம் தன் பெயரைக் ‘குடும்பத்தினர் சங்கம்’ என்று மாற்றிக்கொண்டது. தன் மேலேயே நச்சு வீசப்பட்டிருந்த நாகவோகா, மரண தண்டனை பெற்ற சீடர்கள் 12 பேரையும் தூக்கிலிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். 2018 ஜூலையில் அசஹாராவும் அந்த 12 பேரும் தூக்கிலிடப்பட்டார்கள்.